14. பழுப்பு, பச்சை, சிவப்பு

ரெசிஸ்டர் என்கிற மின்தடை அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு குடும்பம் இந்தப் பாடு படுமா என்று கேட்பவர்கள் போன வாரம் சிஹாருவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்காதவர்கள் பதற வேண்டாம். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஹமாமட்சு ஊரில் மிகாதா இசைக்கருவிக் கம்பெனி, நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ‘எம்-60’ என்று ஒரு தாள இயந்திரம் செய்தது. டிரம், ஜால்ரா, கைதட்டல் எல்லாம் பொத்தானைத் தொட்டால் பேசும் பெட்டி. அன்றைக்கு அதை ஒருவரும் சீந்தவில்லை. பிற்பாடு உலகத்து ஆட்டக் கூடங்களில் அதன் கைதட்டலுக்கென்றே பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. ஆகவே கம்பெனி இப்போது அதையே அச்சு அசலாகத் திரும்பச் செய்கிறது. அன்று அதை வடிவமைத்தவர் ஷிகெகாஸு சுகனுமா. இன்று திரும்பச் செய்கிறவள் அவருடைய ஒரே மகள் சிஹாரு.

புதிய பெட்டியில் எல்லாச் சத்தமும் கச்சிதம், கைதட்டலைத் தவிர. பழசு ஒரு கூடம் நிறையத் தட்டுகிறது. புதுசு கடனே என்று தட்டுகிறது. ஏன் என்று மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டவள், வியாழக்கிழமை சாயங்காலம் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தாள். வரைபடத்தில் ஒன்றரை கே, அதாவது ஆயிரத்து ஐந்நூறு ஓம், என்று எழுதியிருந்த இடத்தில் ஐந்து புள்ளி ஒன்று கே ரெசிஸ்டர் உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் நிறுத்தினோம். இனி வெள்ளிக்கிழமை.

காலை எட்டரைக்கெல்லாம் அவள் காட்சிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, இருந்த மூன்று பழைய எம்-60களையும் மேஜைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தாள். ஒரு பெட்டி என்றால் யாரோ பழுது பார்க்கும்போது மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். மூன்றிலுமா மாற்றுவார்கள்? அவள் திறக்கும்வரை திருகாணிமேல் ஆலை ஒட்டிய காகிதம்கூடக் கிழியாமல் இருந்தது.

பிரிவுத் தலைவர் ஹொசோயா டின் காப்பியை உறிஞ்சிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“மூணுலயும் அதேதானா?”

“அதேதான் ஹொசோயா சான். வரைபடத்துல பழுப்பு, பச்சை, சிவப்பு. பெட்டியில பச்சை, பழுப்பு, சிவப்பு.”

ரெசிஸ்டரின் சின்ன உடம்பில் எண் எழுத இடமில்லை. வண்ண வளையங்கள்தான் எண். பழுப்பு என்றால் ஒன்று, பச்சை என்றால் ஐந்து, கடைசியில் வரும் சிவப்பு இரண்டு சைபர். பழுப்பு முன்னால் வந்தால் ஒன்றரை, பச்சை முன்னால் வந்தால் ஐந்து புள்ளி ஒன்று. வளையம் இரண்டும் இடம் மாறினால் கைதட்டலின் வால் மூன்று மடங்குக்கு மேல் நீண்டுவிடும்.

“அப்ப பெட்டியில இருக்கறதையே போட்டுடு. தீந்துச்சு வேலை.”

“எப்படிப் போடறது? ‘வடிவமைத்தவரின் மூல வரைபடத்தில் ஒரு புள்ளிகூட மாற்றப்படவில்லை’ன்னு அட்டைப்பெட்டி மேலேயே அச்சடிச்சு வச்சிருக்கோம். மாத்தணும்னா அவரோட முத்திரை வேணும்னு விதி வேற.”

“எவன்யா அந்த விதியைப் போட்டது?”

“நீங்கதான்.”

ஹொசோயா இருமினார். காப்பி மூக்கில் ஏறியிருக்க வேண்டும்.

“சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாகப் பட்டியல் ஆலைக்குப் போயாகணும். திங்கக்கிழமை ஐயாயிரம் போர்டு தயாராகுது. அஞ்சுக்குள்ள பெரிய சுகனுமா சான் முத்திரை வந்தா பச்சை முன்னாடி. வரலைன்னா பழுப்பு முன்னாடி. ஐயாயிரம் பெட்டியும் கை சுளுக்கினவன் தட்டற மாதிரி தட்டும். உங்கப்பாதானே, கேட்டா போடமாட்டாரா?”

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வீட்டில் அப்பாவை வைத்துக்கொண்டு வேலையும் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மூல வரைபடம் என்பது சுகனுமாவுக்குப் பூஜை அறைச் சாமி மாதிரி. பார்க்கலாம், கும்பிடலாம், தொடக்கூடாது.

சிஹாரு நேராகக் கீழ்த்தளத்து ஆவண அறைக்குப் போனாள். ஆலை தன் இஷ்டத்துக்கு ஒரு பாகத்தை மாற்ற முடியாது. மாற்றினால் சீட்டு இருந்தாக வேண்டும். வரைபடக் கோப்பில் ஒன்றும் இல்லை. ஆலைப் பக்கத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் புரட்டினாள். பதினோரு மணிவாக்கில் கிடைத்தது.

மாற்றச் சீட்டு. 1981 அக்டோபர் 6. முப்பத்தெட்டாம் எண் ரெசிஸ்டர், 1.5 கே இல்லை, 5.1 கே. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: ஒலி. வடிவமைத்தவர் கட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாக வட்டமாக, சிவப்பாக, ‘சுகனுமா’ என்று முத்திரை.

அவளுக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்பாவே மாற்றியிருக்கிறார், மறந்துவிட்டார். வயசு எழுபத்திரண்டு, மறக்காமல் என்ன செய்யும்? அங்கிருந்தே போன் போட்டாள்.

“அப்பா, கைதட்டல் ரெசிஸ்டரை நீங்களேதான் மாத்தியிருக்கீங்க. எண்பத்தொண்ணு, அக்டோபர் ஆறு. மறந்துட்டீங்க.”

“நான் மறக்கலை. மாத்தவும் இல்லை.”

“உங்க முத்திரை இருக்குப்பா.”

“இருந்தா எவனோ திருட்டுத்தனமா அடிச்சிருக்கான். என் வரைபடத்துல கை வைக்க எவனுக்கு அவ்வளவு தைரியம்? ஒன்றரைதான். ஒன்றரை போட்டுத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. என் கையால பண்ணி, என் காதால கேட்டேன்.”

“முதல் முதல்ல பண்ணின மாதிரிப் பெட்டி நம்ம வீட்டுலதானே இருக்கு? அதைத் திறந்து பாத்தா தெரிஞ்சு போயிடும்.”

“வா. தாராளமா வந்து பாரு. பாத்துட்டு அந்தச் சீட்டை என் கண்ணு முன்னாடி கிழிச்சுப் போடணும், சொல்லிட்டேன்.”

பட்டென்று வைத்துவிட்டார்.

சிஹாரு சீட்டை மறுபடி விளக்கடியில் பிடித்தாள். முத்திரையை விட்டுவிட்டு இந்த முறை எழுத்தைப் பார்த்தாள். 5 என்ற எண்ணைப் பார்த்தாள். வயிற்றைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கி, கடைசியில் தொப்பி மாதிரி ஒரு கோடு. அந்தத் தொப்பி தலையில் ஒட்டாமல் தனியாக அந்தரத்தில் நின்றது.

அந்த ஐந்தை அவள் முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்த துண்டுச் சீட்டில், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய சாமான் பட்டியலில்.

அம்மாவின் ஐந்து அது.

அம்மா முட்சுகோ கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆலையில் பரிசோதனை மேஜையில் வேலை பார்த்தவள். அது ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் பரிசோதனை மேஜைப் பெண் எதற்காக வடிவமைத்தவரின் சீட்டை எழுத வேண்டும்? வடிவமைத்தவருக்கே தெரியாமல் அவருடைய முத்திரை எப்படி அதில் ஏறும்? சிஹாருவுக்கு உள்ளே அரிப்பெடுத்துவிட்டது. விஷயம் தெரியாமல் இருக்க முடியாத ஜாதி அவள். சீட்டின் நகல், புதுச் சீட்டு ஒன்று, புதிய பெட்டி, எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் வண்டியை விட்டாள். வீட்டுக்கு நாற்பது நிமிஷம். அன்றைக்கென்று காற்று வண்டியைப் பிடித்து ஆட்டியது.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. சுகனுமா தயாராக இருந்தார். ஜன்னலோரம் தாழ்ந்த மேஜைமேல் மாதிரிப் பெட்டி மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பெயின்ட் காணாத மரச்சட்டம், பதினாறு பொத்தான், பதினாறும் வெள்ளை. உள்ளே அவரே கையால் ஒவ்வொன்றாகப் பற்றவைத்த போர்டு. அடுப்படியில் முட்சுகோ கியோசாக் கொழுக்கட்டைகளை வாணலியில் வட்டமாக அடுக்கி மூடி போட்டிருந்தாள்; நடுவில் வைக்க முளைப்பயறு வெந்துகொண்டிருந்தது.

“வந்துட்டியா? வா, உக்காரு. வெளிச்சம் நல்லா இருக்கு, அப்புறம் தெரியலைன்னு சொல்லாதே” என்றார் சுகனுமா. பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார்.

“முப்பத்தெட்டு. பாத்துக்கோ. பழுப்பு, பச்சை, சிவப்பு. ஒன்றரை கே. திருப்தியா?”

சிஹாரு குனிந்தாள். மத்தியான வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பச்சை. பழுப்பு. சிவப்பு.

“அப்பா, இன்னொரு தடவை படிங்களேன்.”

“எத்தனை தடவை படிச்சாலும் பழுப்பு பழுப்புதான். உனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? நாள் பூரா திரையையே முறைச்சுக்கிட்டிருந்தா இப்படித்தான். இந்தா, பழுப்பு முன்னாடி.” குச்சி பச்சை வளையத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

சிஹாருவின் பையில் மீட்டர் இருந்தது. எடுத்து இரண்டு முனையிலும் வைத்தால் ஒரு நொடியில் எண் வந்துவிடும். அவள் எடுக்கவில்லை. ரெசிஸ்டரைப் பற்றிய சந்தேகம் அவளுக்குத் தீர்ந்துவிட்டது. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறி சுட்டுத் தின்னும் கடையில் அப்பா தன் துண்டைத் தானே எடுத்ததில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அம்மாவிடம் “வெந்துச்சா?” என்பார். சோம்பேறி என்று அவளும் அம்மாவும் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். கழுத்துப்பட்டியை அம்மாதான் எடுத்து வைக்க வேண்டும். ஆரஞ்சுக் கடையில் பை பிடித்துக்கொண்டு நிற்பாரே தவிர, கைவைத்துப் பொறுக்க மாட்டார். அந்தக் காலத்துத் தாள இயந்திரங்களில் எல்லாம் பொத்தான்கள் கலர் கலராக இருந்தபோது எம்-60க்கு மட்டும் பதினாறும் வெள்ளை. அதன் அழகைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இவரும் அந்தப் பக்கங்களை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்.

‘அட, அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?’ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சையும் பழுப்பும் இவருக்கு ஒன்றேதான்.

“என்ன வாயடைச்சுப் போயிட்டே? சாப்பிட்டுட்டு வந்து சீட்டைக் கிழி” என்றார் சுகனுமா, ஜெயித்த குஷியில்.

சாப்பிடும்போது “மொறுமொறுன்னு வந்திருக்கு” என்று அவர் மட்டும் இரண்டு தரம் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலப் பக்கத்து அறையில் போய்க் கதவை இழுத்துக்கொண்டு சாய்ந்தார்.

சிஹாரு அடுப்படிக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். சத்தம் மறைக்கட்டும் என்றுதான். சீட்டின் நகலை அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“அம்மா, இந்த அஞ்சு யார் எழுதினது?”

முட்சுகோ கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். மறுக்கவெல்லாம் இல்லை.

“எனக்குத் தொப்பி என்னைக்குமே ஒட்டாது” என்றாள்.

“அப்பா முத்திரையைத் திருடினியா?”

“மெதுவாப் பேசுடி. திருடலை. எடுத்து அடிச்சுட்டுத் திரும்ப வச்சுட்டேன்.”

“அதுக்குப் பேரு என்ன?”

“இருபத்திரண்டு வயசு.”

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் சிஹாரு நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்சுகோ ஒரு தட்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததைத் திரும்பத் துடைத்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

“வரைபடத்தைப் பாத்து ஆலையில முதல் பத்து போர்டு பண்ணினாங்க. அதை உங்கப்பா பண்ணின மாதிரியோட வச்சுக் கேட்டு ஒப்பிடறது என் வேலை. எல்லாம் சரியா இருந்துச்சு, கைதட்டல் மட்டும் செத்துக் கிடந்துச்சு. உனக்கு இப்ப வந்திருக்கே, அதே வியாதி. மாதிரியைத் திறந்து பாத்தேன். பச்சை முன்னாடி. கவனமில்லாமப் போட்டுட்டார்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம்தான் ஆரஞ்சு ஞாபகம் வந்துச்சு.”

“என்ன ஆரஞ்சு?”

“முந்தின வாரம் எனக்கு ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். அவங்க சித்தப்பா தோட்டத்துல, நல்லாப் பழுத்ததாப் பாத்துப் பாத்துத் தானே பறிச்சாராம். அத்தனையும் பச்சைப் பசேல்னு காய். ஒண்ணு கடிச்சேன், பல்லு கூசிப்போச்சு. இந்த ஆளு நம்மளைக் கேலி பண்றாரோன்னு கோபம் வந்துச்சு. ஆனா கொடுக்கறப்ப அவர் மூஞ்சியில கேலி இல்லை. பாவம், காது ரெண்டும் கொதிச்சுக்கிட்டு நின்னார்.”

முட்சுகோ அந்தத் தட்டை விட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

“அப்பல்லாம் கண்ணுல அந்தக் குறை இருந்தா பொறியியல் படிக்கவே சேத்துக்க மாட்டாங்க. வேலையில சேரறப்பவும் கலர்ப் புள்ளிப் படத்தைக் காட்டி, அதுல ஒளிஞ்சிருக்கற எண்ணைக் கேப்பாங்க. இவர் அந்தப் புஸ்தகத்தை எங்கேயோ பிடிச்சு, எந்தப் பக்கத்துல எந்த எண்ணுன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருக்கார். கல்யாணமானப்புறம் துணிப்பெட்டி அடியில அந்தப் புஸ்தகத்தைப் பாத்தேன், பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல விடை எழுதி வச்சிருந்தார். அன்னிக்கு நான் போய் ‘மாதிரியில தப்பான ரெசிஸ்டர் இருக்கு’ன்னு சொன்னா, எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்க. கேக்க ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்?”

“அதனால?”

“மூணு மணிக்குப் பாட்டு போட்டா எல்லாரும் முற்றத்துக்குப் போய்க் கையைக் காலை ஆட்டணும்ல, உடற்பயிற்சி. நான் வயித்துவலின்னு சொல்லி உள்ளயே நின்னுட்டேன். முத்திரை அவர் மேஜை இழுப்பறையிலதான் இருக்கும். பாட்டு முடியறதுக்குள்ள ஆச்சு. சீட்டை ஆலைக் கோப்புல மட்டும் வச்சேன். வரைபட அறைக்குப் போனா சரிபார்க்க அவர்கிட்டயே திரும்பி வந்துடுமே. அவர் அடுத்த பெட்டி வேலைக்குப் போயிட்டார், இதைத் திரும்பியே பாக்கலை.”

“நாப்பத்து மூணு வருஷம்மா! அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?”

“அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அவர் சொல்லலை. வெந்துச்சான்னு கேக்கறப்பல்லாம் இன்னிக்குச் சொல்லிடுவாரோன்னு நெனப்பேன். அப்புறம் நீ பொறந்தே. அப்புறம் நாள் போச்சு. இவ்வளவு நாள் கழிச்சு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எடுக்கறது?”

சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. முட்சுகோவும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“தாளைக் கொண்டா” என்றாள்.

“எதுக்கு?”

“முத்திரை இன்னமும் மேஜை இழுப்பறையிலதான் இருக்கு. காரணம்கிற இடத்துல ‘ஒலி’ன்னு எழுது. ஒருதரம் பண்ணினவளுக்கு ரெண்டாம்தரம் பண்ண வராதா? அவர் எழுந்திருக்கறதுக்குள்ள நீ கிளம்பிடலாம். அவருக்குக் கைதட்டல் சரியாக் கேட்டாப் போதும். எந்த ரெசிஸ்டர்னு எங்க போய்ப் பாக்கப்போறார்? பாத்தாலும்தான் என்ன தெரியப்போகுது?”

சிஹாருவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்? ஐயாயிரம் பெட்டி பிழைக்கும். அப்பாவின் மானமும் பிழைக்கும். நாளைக்குச் சனிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். புதிய பெட்டியை அப்பா கையால் தட்டித் தொடங்கி வைக்கப்போகிறார். அந்த நேரத்தில் போய், ‘உங்கள் கைதட்டல் உங்கள் கணக்கில் வந்ததில்லை, கண்ணில் வந்தது’ என்று எந்த மகள் சொல்வாள்? அவள் தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேவிட்டாள்.

“அதை இப்படிக் கொடு.”

வாசற்படியில் சுகனுமா நின்றுகொண்டிருந்தார்.

முட்சுகோவின் முகத்தில் ஈயாடவில்லை. சிஹாருதான் எழுந்து குழாயை மூடினாள்.

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?”

“ஆரஞ்சுலேர்ந்து” என்றார்.

உள்ளே வந்து மேஜைமேலிருந்த தாளை எடுத்துக்கொண்டார். பிறகு அவர், “புதுப் பெட்டி கார்ல இருக்கா? எடுத்துட்டு வா” என்றார்.

கொண்டுவந்து ஜன்னலோரம் பழசுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒலிபெருக்கியில் இரண்டையும் சொருகினாள். சுகனுமா சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதுசில் ஒரு தட்டு தட்டினார். பட். பழசில் ஒரு தட்டு. பட்டஷ்ஷ் என்று அது அறை முழுவதும் பரவி அடங்கியது. மறுபடி புதுசு, மறுபடி பழசு. ஏழெட்டுத் தரம் இப்படி.

“இதுல எது நான் பண்ணினது?” என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் புதுசின்மேல் கையை வைத்தார்.

“புதுசுதான் நான் பண்ணினது. இதுதான் என் கணக்கு. அதை நாலு பேப்பர்ல போட்டுப் பாத்துப் பண்ணினேன். அந்தப் பழசு எவன் பண்ணினதோ.”

“அப்பா, பேசாம இருங்க” என்றாள் சிஹாரு. “கேட்டுட்டு ‘இதுதான்’னு வச்சுக்கிட்டது யாரு? உங்க காதுதானே? வேற யாராவது இருந்தா ‘இது கணக்குல இல்லையே’ன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க.”

அவர் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

“அன்னிக்கு எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு” என்றார் மெதுவாக. “இவ்வளவு நீளம் வரக்கூடாதேன்னு தோணுச்சு. மீட்டர் இருந்தா அளந்திருப்பேன். எவனோ வாங்கிட்டுப் போயிருந்தான். மீட்டர் இல்லாம நான் ஒரு ரெசிஸ்டரைத் தொட்டது அந்த ஒரே தடவைதான். சரி, நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.” சட்டென்று மகளைப் பார்த்தார். கண்ணில் பழைய பொறியாளர் எட்டிப் பார்த்தார். “உன்கிட்ட மீட்டர் இருக்கா? அளந்து காட்டு.”

சிஹாரு இரண்டு முனைகளையும் வைத்தாள். ஐந்து புள்ளி பூஜ்யம் எட்டு.

“அஞ்சுதான்” என்றார். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். “பச்சை எந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம் அப்பா.”

“எனக்கு ரெண்டும் ஒரே கறைதான்” என்றார். அவருடைய ஆயுசில் அதை இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தரம். சொல்லிவிட்டு, சுமையை இறக்கி வைத்தவர்போலப் பெருமூச்சு விட்டார். “ஏம்மா சிஹாரு, அப்ப என் கழுத்துப்பட்டி எல்லாம்?”

“எல்லாம் பொருத்தமாத்தான் இருந்துச்சு. நான்தானே எடுத்து வச்சேன்” என்றாள் முட்சுகோ வாசலில் நின்றபடியே. அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.

சுகனுமா தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

“‘ஒலி’ன்னு எழுதினாப் போதுங்க” என்றாள் முட்சுகோ.

“அது உன் காரணம்” என்றார் அவர்.

காரணக் கட்டம் சின்னது. ஆகவே எழுத்தைப் பொடிசாக்கி எழுதினார். சிஹாரு தோளுக்கு மேலிருந்து படித்தாள். ‘வடிவமைத்தவருக்குப் பழுப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மாதிரியில் தவறுதலாக இதைப் பொருத்திவிட்டார். கேட்டதில் இதுவே நன்றாக இருந்தது.’ எழுதி முடித்து, தானே எழுந்து போய் முத்திரையை எடுத்து வந்து, மையில் ஒற்றி அழுத்தினார்.

“அப்பா, இதை ஹொசோயா படிப்பார். நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க.”

“படிக்கட்டும். எழுபத்திரண்டு வயசுல என்னை எந்தக் கல்லூரியிலேர்ந்து வெளியே தள்ளப்போறாங்க?”

தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் முத்திரையை உறைக்குள் போடாமல் விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்ததை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

மணி நாலாக ஐந்து நிமிஷம். நாற்பது நிமிஷப் பயணம், அதுவும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில். சிஹாரு தாளை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு கால் செருப்புக்குள் போயிருந்தது.

“முட்சுகோ” என்று உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

“என்னங்க?”

“இவ்வளவும் தெரிஞ்சுதான் என்னைக் கட்டிக்கிட்டியா?”

“ஆமா.”

“அப்ப பரிதாபப்பட்டுத்தான் கட்டிக்கிட்டே.”

அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் சிஹாருவைப் பிடித்து நிறுத்தியது. கைதட்டல் போனதைத் தாங்கிக்கொண்ட மனுஷர், இதைத் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. ‘இல்லைன்னு சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு’ என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

“பரிதாபமா? அதெல்லாம் இல்ல” என்றாள் முட்சுகோ.

சிஹாருவுக்கு மூச்சு வந்தது.

“பயந்துதான் கட்டிக்கிட்டேன்.”

“பயமா? என்ன பயம்?”

“அன்னிக்கு எல்லாரும் முற்றத்துக்குப் போகலை. உள்ள இன்னொருத்தர் இருந்தார். நான் முத்திரையை எடுத்ததைப் பாத்துட்டார்.”

“யாரு?”

முட்சுகோ திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நிற்கிற மகள் கண்ணில் பட்டாள்.

“நீ இன்னும் போகலையா? மணி என்ன ஆகுது பாரு. கிளம்பு” என்றாள்.

இதைக் காதில் வாங்கிக்கொண்டு யாரால் கிளம்ப முடியும்? ஆனால் கையில் அப்பா எழுதிய தாள் இருந்தது. அதை அவர் இன்னொரு முறை எழுத வேண்டி வந்தால் எழுதுவாரோ, மாட்டாரோ. சிஹாரு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் காரை நோக்கி ஓடினாள்.